1990 செவர்லே பிக்கப், 5.7 வி8 டிபிஐ இன்ஜின்: இழுவை கூட எந்த கேம்ஷாஃப்ட் போடலாம்?

கேட்ட தம்பி சவூதி தம்மாம்ல இருக்காரு. 350ன்னு (கன இன்ச் கணக்கு) சொல்ற 5.7 லிட்டர் வி8, மேல த்ராட்டில் பாடில ரெண்டே ரெண்டு இன்ஜெக்டர், அதத்தான் டிபிஐம்பாங்க. தண்ணி டேங்க் ட்ரெய்லர கட்டி மஸ்ராவுக்கு (பண்ணைக்கு) இழுக்காரு, இழுவை பத்தலயாம், ஐட்லிங்ல தடதடன்னு அடிக்கிற ஒரு பெரிய கேம் (வால்வுகள தெறந்து மூடுற கேம்ஷாஃப்ட்) ஆன்லைன்ல பாத்து வச்சிருக்காரு, போடலாமான்னு கேக்காரு.

போடாதீங்க தம்பி. கேம் மாத்துறது தப்பில்ல, அந்த கேம்தான் தப்பு.

நான் புளியரைக்காரன், ஷார்ஜால ஒர்க்‌ஷாப்ல கெடந்த காலத்துல இந்த இன்ஜின் ஏகப்பட்டது அவுத்துப் பூட்டியிருக்கேன், அந்த தைரியத்துல சொல்லுதேன். இது அமெரிக்க கணக்குப்படி 210 குதிரை, அதுவும் 4000 ஆர்பிஎம்லயே முடிஞ்சிரும், டார்க், அதாவது திருப்புவிசை, 2800லயே உச்சத்துக்கு வந்துரும், 300 பவுண்டு-அடி, நம்ம கணக்குல 407 நியூட்டன் மீட்டர் கிட்ட. அதுக்கு மேல மிதிச்சா சத்தம் மட்டும்தான். காரணம் ஹெட்டு, வால்வெல்லாம் உக்காந்திருக்குற இன்ஜினோட மேல் பாகம். உள்ள போற காத்து சுழலணும்னு போர்ட்டுக்குள்ளயே ஒரு மேடு வச்சி வார்த்திருப்பான், ஸ்விர்ல் போர்ட்டும்பாங்க, கம்மி வேகத்துல நல்லா எரியும், ஆனா வேகம் ஏறினா மூச்சு முட்டும். அந்த ஹெட்ட வச்சிக்கிட்டு 5500க்கு ஓடுற கேம் போட்டீங்கன்னா கீழ இருந்த இழுவையும் போயிரும், மேலயும் ஒண்ணும் வராது.

எங்கூர் எஸ் வளைவுல சிமெண்ட் லோடு லாரி கோட்டைவாசலுக்கு ஏறுறத ஒருநாள் நின்னு பாருங்க, உருட்டிக்கிட்டே ஏறும், அங்க டாப் எண்ட் பவர வச்சி என்ன செய்ய. ட்ரெய்லர் இழுக்குற உங்க வண்டியும் 1500ல இருந்து 3500க்குள்ளதான் பொழப்ப ஓட்டுது, அந்த எடத்துக்குத்தான் கேம் பாக்கணும்.

இன்னொண்ணு, கடைக்காரன் சொல்லாதது. கார்புரேட்டரா இருந்தா ஸ்க்ரூவ திருப்பி எப்படியாச்சும் சமாளிச்சிரலாம். உங்க கம்ப்யூட்டர் உள்ள போற காத்த அளக்குறதே இல்ல. மேனிஃபோல்டுல (காத்து உள்ள போற குழாய்ல) வேக்கம், அதாவது உறிஞ்சுற வெற்றிடம், எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு பாத்து சிப்புல எழுதி வச்சிருக்குற டேபிள் படி பெட்ரோல் தெளிக்குது, அம்புட்டுதான். ஒரிஜினல் கேம்ல ஐட்லிங் வேக்கம் 18 இன்ச் (பாதரச கணக்கு) பக்கம் நிக்கும். பெரிய கேம்ல இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேந்து திறந்திருக்குற நேரம் கூடிரும், வேக்கம் 12, 13க்கு விழுந்துரும், கம்ப்யூட்டரு "ஓ, டிரைவர் மிதிக்கான், லோடு ஏறிருச்சு"ன்னு நெனச்சி கூட ஊத்தும். எரியாத காத்து வேற சைலன்சர் பக்கம் போகும், ஆக்சிஜன் சென்சார் இருந்தா அது பெட்ரோல் பத்தலன்னு சொல்லும், அதுக்கும் சேத்து ஊத்தும். ப்ளக்க கழட்டிப் பாத்தா கரி அப்பிக் கெடக்கும், ஐட்லிங் ஏறி எறங்கி ஆடும். இந்தக் கோலத்துல ஆகஸ்ட் மாசம் தம்மாம் சிக்னல்ல ஏசி போட்டு நில்லுங்க, கம்ப்ரசர் ஆன் ஆகும்போதெல்லாம் வண்டி திணறும், ஆஃபே ஆகும். பிரேக் பூஸ்டருக்கும் அதே வேக்கம்தான், பின்னாடி தண்ணி டேங்க் தள்ளிக்கிட்டு வருதுங்கறத மறந்துராதீங்க.

அதனால என் தேர்வு என்னன்னா, 0.050 இன்ச் லிஃப்ட்ல அளந்த டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்குற நேரம், இன்டேக்குக்கு 194ல இருந்து 204 டிகிரி, எக்ஸாஸ்டுக்கு ஒரு பத்து டிகிரி கூட இருக்கலாம், ஏன்னா இந்த ஹெட்டுல அந்தப் பக்கம் இன்னும் மோசம். லோப்புன்னா கேம்ல வால்வ தூக்குற மேடு; லோப் செபரேஷன், அதாவது இன்டேக் லோப்புக்கும் எக்ஸாஸ்ட் லோப்புக்கும் நடுவுல உள்ள கோணம், 112 டிகிரிக்கு குறையக்கூடாது, 114 கெடச்சா ஐட்லிங் இன்னும் நல்லா நிக்கும். கேட்டலாக்ல ரெண்டு டியூரேஷன் போட்டிருப்பான், 260, 270ன்னு பெருசா இருக்குறது வால்வு லேசா அசைய ஆரம்பிச்சதுல இருந்து அளந்தது, அத வச்சி ஒரு கம்பெனியோடத இன்னொரு கம்பெனியோட ஒப்பிடாதீங்க. இந்த சைஸுக்குள்ள இருந்தா சிப்ப தொடாமலே பெரும்பாலும் ஓடிரும், கொஞ்சம் மக்கர் பண்ணினா 1990 கம்ப்யூட்டர்ல சிப்ப கழட்டி திருத்தி எழுதிக்கலாம், அதுக்கு ஆளு உண்டு. வால்வு ஸ்ப்ரிங்கையும் அந்த கேமுக்கு சொன்னதா பாத்து புதுசா வாங்குங்க, முப்பது வருஷத்து ஸ்ப்ரிங்க நம்பி எறங்காதீங்க.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. பெட்ரோல் ப்ரஷர் 9ல இருந்து 13 பிஎஸ்ஐக்குள்ள இருக்கான்னு கேஜ் போட்டுப் பாருங்க, பம்ப் சோர்ந்து போனாலும் இழுவை இல்லன்னுதான் தோணும். அப்புறம் வால்வு கவர தூக்கி டயல் கேஜ வச்சி ஒவ்வொரு வால்வும் எவ்வளவு தூக்குதுன்னு அளங்க. இதுல லோப் மேல உக்காந்து வால்வ தள்ளுற டேப்பட் ரோலர் இல்லாத தட்டை டேப்பட், லோப் தேய்றது இதோட வழக்கமான நோய், எக்ஸாஸ்ட் லோப் ஒண்ணு உருண்டை ஆகி வால்வு பாதிதான் திறந்திச்சின்னா உங்களுக்கு வேண்டியது அப்கிரேடே இல்ல, ஒரு நல்ல ஒரிஜினல் சைஸ் கேமே போதும்.

மாத்தும்போது பழைய டேப்பட்ட புது கேம்ல போடவே கூடாது, மெக்கானிக் "நல்லாத்தான இருக்கு"ம்பாரு, விடாதீங்க. டேப்பட்டோட அடி லேசா புடைச்சிருக்கும், லோப் லேசா சரிஞ்சிருக்கும், அப்பதான் டேப்பட் சுத்திக்கிட்டே ஓடும். ஒண்ணோட தேஞ்ச பழசு அடுத்ததுல சுத்தாது, லோப்ப தின்னுரும். லோப் பூரா மாலி பேஸ்ட் (கேமுக்கு தடவுற கிரீஸ்) தடவுங்க, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்ல விடாம 2000ல இருந்து 2500ல இருபது நிமிஷம் ஓட்டுங்க. ஆயில் துத்தநாகம் கூட உள்ளதா வேணும், இப்ப வர்ற பெட்ரோல் கார் ஆயில்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக அத கொறச்சிட்டாங்க, லாரிக்கு ஊத்துற 15டபிள்யூ-40 டீசல் ஆயில் இதுக்கு எவ்வளவோ மேல். டிஸ்ட்ரிபியூட்டர திரும்ப வச்சதும் இக்னிஷன் டைமிங் பாக்கையில அந்த கறுப்புக் கோடு போட்ட டேன் கலர் வயர கழட்டிட்டுப் பாருங்க, கம்ப்யூட்டர் ஒதுங்கிரும், அப்ப ஜீரோ டிகிரில வைங்க, மறக்காம திரும்ப மாட்டிருங்க.

அப்புறம் க்ளோவ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல பின் ஆக்ஸில் கியர் விகிதத்துக்கான கோடு ஜியு4, ஜியு6, ஜிடி4ன்னு ஏதாச்சும் ஒண்ணு போட்டிருக்கான்னு பாத்து கீழ எழுதுங்க. ஜியு4ன்னா பின் ஆக்ஸில் 3.08, அப்படி இருந்தா முதல்ல கிரவுன் பினியன 3.73க்கு மாத்துங்கன்னுதான் சொல்லுவேன், கேம் செலவே மிச்சமானாலும் ஆகும்.