"யாருடா அந்தப் பையன்?"

கேள்வி: எனக்கு 26 வயது. குமுளியில் ஒரு ஸ்பைசஸ் கடையில் நிற்கிறேன். அப்பா இல்லை. அம்மா தினமும் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார். பேட்மேன் காமிக்ஸிலிருந்து எடுத்த 'காத்தம்' சீரியலைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கதை இழுவைதான், ஆனால் பென்குயினாக வருகிறவனுக்காகவே பார்க்கலாம் என்கிறான் நண்பன். அம்மா படுத்த பிறகு செல்போனில் பார்க்கிறேன். ஒரு நாள் எட்டிப் பார்த்து, "யாருடா அந்தக் கூர்மூக்குப் பையன், பாவமா இருக்கான்?" என்றார். "உனக்குப் புரியாதும்மா" என்று இயர்போனை மாட்டிக்கொண்டேன். ஒரே ஒருத்தனுக்காக ஐந்து சீசன் பார்க்கலாமா?

பதில்: தம்பி, நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். முதல் நான்கு சீசனுக்கு 22 வீதம், கடைசிக்கு 12, ஆக 100 அத்தியாயம். ஒவ்வொன்றும் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. எழுபது மணி நேரமாவது போய்விடும். அத்தனையும் வேண்டாம். முதல் இரண்டு சீசன் பாருங்கள், அவனுக்காகவே பாருங்கள். நாயகன் என்னவோ கார்டன் என்ற போலீஸ்காரர்தான். ஆனால் பென்குயினாக நடிக்கிற ராபின் லார்ட் டெய்லர் வந்து நின்றால் கண் வேறு எங்கும் போகாது. 1941ல் காமிக்ஸில் வந்த பென்குயின் குண்டு ஆள். இவன் ஒல்லி. ஃபிஷ் மூனி என்ற தாதாப் பெண்மணிக்குக் குடை பிடிக்கிறவன். அவள் அடித்து உடைத்த காலை இழுத்து இழுத்து நடக்கிறான், பட்ட அவமானத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு சிரிக்கிறான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். இனி நான் கேட்கிறேன். "உனக்குப் புரியாதும்மா" என்றீர்களே, எது புரியாது?

ஒரே பார்வையில் "பாவமா இருக்கான்" என்று சொல்லிவிட்டார் உங்கள் அம்மா. அந்தப் பாத்திரத்தின் உயிரே அதுதான். ஊரையே கவிழ்க்கப் போகிற ஒருத்தனைப் பார்க்கிறவர்கள் பாவம் என்று நினைக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த நடிகர் அப்படி நடிக்கிறார். ஏலச் சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். நாள் முழுக்கக் குனிந்து, ஈர மண்ணில் கைவிட்டு, எது முற்றிய காய், எது பிஞ்சு என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிற கண் அது. அந்தக் கண்ணுக்கா உங்கள் செல்போன் புரியாது?

உங்கள் வேலையையும் யோசித்துப் பாருங்கள். தேக்கடிக்கு வருகிற யார் யாருக்கோ எட்டு மில்லிமீட்டர் ஏலக்காய்க்கும் சின்னக் காய்க்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்த பாஷையிலெல்லாம் விளக்குகிறீர்கள். ஒன்றும் வாங்காமல் போகிறவரிடமும் முகம் சுளிப்பதில்லை. அந்தக் காயைக் கிள்ளிய கைக்கு ஒரு வரி கதை சொல்லப் பொறுமை இல்லையா? சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிற பிள்ளைகளின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. தீராது, தம்பி. வீட்டில் இருக்கிற ஒரே ஆளிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் காதை அடைத்துக்கொண்டீர்கள். எனக்கு அது கோபமாகத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் நீங்கள் பார்க்கிறது ஒரு தாயும் மகனுமான கதை. பென்குயினின் அம்மா கெர்ட்ரூடாக வருகிறவர் கேரல் கேன். வெளியே கொலைக்கும் அஞ்சாதவன், வீட்டுக்கு வந்தால் குளியல் தொட்டியில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பான், அம்மா தேய்த்துக் குளிப்பாட்டுவார். அவனும் தன் தொழிலை அம்மாவிடம் மறைக்கிறவன்தான். கடைசியில் மரோனி என்ற எதிரி வந்து போட்டு உடைக்கிறான். அந்த அம்மா மகனிடமே கேட்கிறார். அவன் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறான். இரண்டாம் சீசனில் அந்த அம்மாவுக்கு என்ன ஆகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கள் தனியாக, நடுராத்திரியில், இயர்போனோடு பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

நாளைக்குக் கடை சாத்தி வந்ததும், அம்மா சோறு போடும்போது, செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வையுங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து திரும்பப் போடுங்கள். இங்கிலீஷ் பேச்சை நீங்கள் தமிழில் சொல்லுங்கள், தோராயமாகச் சொன்னாலும் போதும். "அன்னைக்குக் கேட்டியேம்மா, இவன்தான். பேரு ஆஸ்வால்ட்" என்று ஆரம்பியுங்கள். கொஞ்ச நேரத்தில் "இவனோட அம்மா எங்கடா?" என்று அவரே கேட்பார்.