பொன்னியின் செல்வனைக் கதையாகப் படித்துவிட்டேன். ஆதித்த கரிகாலன் கொலைச் சதியை ஆராய்ந்து படிக்க எங்கே தொடங்குவது?

முழுவதும் படித்தவர் என்பதால் முடிவுகளை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

'கொன்றது யார்?' என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இணையத்தில் அதை வைத்து நடக்கும் சண்டைகளில் பாதிப்பேர் நாவலையும் வரலாற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டே பேசுகிறார்கள். முதலில் உடையார்குடிக் கல்வெட்டைப் படியுங்கள். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோழ இளவரசன் ஒருவன் கொல்லப்பட்ட செய்தி நமக்குக் கிடைப்பது ஒரு நில ஆவணத்திலிருந்து என்பதே வியப்புதான். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் சொத்துகள் பறிக்கப்பட்டதையும், பின்பு அந்த நிலம் கைமாறியதையும் பதிவுசெய்கிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த இடைவெளியில்தான் கல்கி ஐந்து பாகங்களை எழுதினார். ரவிதாசனும் பரமேசுவரனும் பிரமாதிராசன் பட்டம் பெற்றவர்கள். அரசு உயர் அலுவலில் இருந்த அந்தணர்களுக்குத் தரப்பட்ட பட்டம் அது. கல்கியோ அவர்களைக் காடுகளிலும் பள்ளிப்படையிலும் (இறந்த அரசரின் நினைவாக எழுப்பிய கோயில்) நள்ளிரவில் கூடும் பாண்டிய ஆபத்துதவிகள், அதாவது பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த காவலர்கள், ஆக்கிவிட்டார். பெயர் கல்வெட்டினுடையது, பகை கல்கியினுடையது.

அடுத்து, நாவலில் இரண்டு சதிகள் இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். மதுராந்தகனை அரியணையில் ஏற்றச் சிற்றரசர்கள் செய்யும் சதியைக் கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்கிறான். சோழ குலத்தையே பழிவாங்கும் சதியைத் திருப்புறம்பயம் பள்ளிப்படையில் ஆழ்வார்க்கடியான் கேட்கிறான். இரண்டு பக்கமும் காலூன்றி நிற்பவள் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி மட்டுமே. யாருக்கு எது, எந்த அத்தியாயத்தில் தெரியவருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வாசகர்களைக் காக்க வைத்த சூட்சுமம் பிடிபடும். (தொடர்கதைக்கே உரிய வீண் திகில்களும் கண்ணில் படும். அவற்றைத் தாண்டிப் போகலாம், குற்றமில்லை.)

கொலைக் காட்சியை மெதுவாகப் படியுங்கள். விளக்கு அணைகிறது, மறைந்திருந்த வந்தியத்தேவன் நினைவிழக்கிறான், விழிக்கும்போது கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். நேரில் பார்த்த சாட்சியாக இருக்க வேண்டியவனின் கண்ணையே ஆசிரியர் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு நடப்பது இன்னும் விநோதம். வந்தியத்தேவன் மேல் பழி விழுகிறது. அவனைக் காப்பாற்றக் கடம்பூர் இளவரசி மணிமேகலை 'நான்தான் கொன்றேன்' என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியை ஏற்கிறார். குற்றத்தை ஏற்பதற்குப் போட்டி நடக்கும் கொலைக்கதை இது.

எனக்கு மிகப் பிடித்த இடம் உத்தம சோழன் விவகாரம். வரலாற்றில் மதுராந்தகன்தான் உத்தம சோழன் என்ற பெயரில் அரசனானவர், செம்பியன் மாதேவியின் மகன். கரிகாலன் இறந்ததால் பட்டம் யாருக்குக் கிடைத்ததோ அவர் மேல் சந்தேகம் விழுவது இயல்பு. வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழரைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் எழுதிய பிறகுதான் கல்கி எழுத வருகிறார். அவர் என்ன செய்தார்? அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன் என்றார். பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனை உண்மை மகனாக்கி, அவன் தலையில் முடியைச் சூட்டினார். ஆசை ஒருவனிடம், பட்டம் இன்னொருவனிடம். சந்தேகம் போய் விழ இடமே இல்லை!

இதைக் கதைச் சாமர்த்தியம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. நான் இதைப் பண்டாரத்தார் பக்கம் நின்று ஒரு நாவலாசிரியர் எழுதிய வாதமாகப் படிக்கிறேன். பண்டாரத்தாருடைய 'பிற்காலச் சோழர் வரலாறு' நூலில் உத்தம சோழர் பற்றிய பகுதியையும், நாவலின் ஐந்தாம் பாகத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். உடன்படாவிட்டால் கருத்தில் எழுதுங்கள்.