பிக்கப்பின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம்?

கேள்வி: நெடும்பயணத்துக்காகக் கனரக பிக்கப் வண்டியில் கேம்பர் (பின்தட்டில் ஏற்றிவைக்கும், தங்குவதற்கான அறை) பொருத்தியிருக்கிறேன். பின்புறம் தாழ்ந்து நிற்கிறது. ஏர் ஸ்பிரிங் (காற்றடைத்த பை போன்ற ஸ்பிரிங்) போட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் எடை ஏற்றலாமா?

பதில்: ஏற்றக் கூடாது. ஏர் ஸ்பிரிங் வண்டியை மட்டமாக நிறுத்துமே தவிர, அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறனை ஒரு கிலோகூட உயர்த்தாது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் வில்லையில் வண்டியின் மொத்த எடை வரம்பும் ஒவ்வோர் அச்சுக்குமான வரம்பும் பொதுவாக அச்சிடப்பட்டிருக்கும். தண்ணீர், எரிபொருள், ஆட்கள், சமையல் சாமான் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். கேம்பரின் காலி எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு விழிப்பவர்களே அதிகம், ஏனென்றால் 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ ஆகிவிடுகிறது. அந்தத் தொட்டி பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக இருக்கட்டும். பின் பம்பருக்கு வெளியே தொங்கும் ஸ்டெப்னி (புகைப்படத்தில் அழகாகத்தான் இருக்கும்) நெம்புகோல்போல் வேலை செய்து, முன் சக்கரங்களின் மீதுள்ள சுமையைக் குறைத்து ஸ்டீயரிங்கின் பிடிப்பைத் தளர்த்திவிடும். வரம்பு தாண்டியிருந்தால் முதலில் சாமான்களைக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால், சிறிய கேம்பர் அல்லது அதிகத் தாங்குதிறன் கொண்ட வண்டிதான் வழி.