எல்லாம் நெட்டில் கிடைக்கும்போது சட்ட நூலகத்தில் என்ன வேலை?

கேள்வி: "பெங்களூரில் இருக்கிறோம். என் தங்கை லைப்ரரி சயின்ஸ் முடித்துவிட்டு ஒரு சட்ட நூலகத்தில் உதவி நூலகராகச் சேரப் போகிறாள். தீர்ப்பு, சட்டம் எல்லாமே நெட்டில் இருக்கும்போது அங்கே தினமும் என்னதான் வேலை? பழைய புத்தகத்தைத் தூசி தட்டவா முதுகலை படித்தாய் என்று அப்பா கேட்கிறார்."

"தூசி தட்ட" என்ற அந்த வார்த்தைக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே துறையில் இருப்பவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். தூசி தட்டுவதும் உண்டுதான். அதைக்கூட ஒழுங்காகச் செய்யாவிட்டால் பழைய செட்டுகள் பொடிந்துவிடும். ஆனால் தங்கைக்குச் சம்பளம் கொடுப்பது வேறொன்றுக்கு. "இந்த ஊரில், இந்தத் தேதியில், எந்தச் சட்டம் எந்த வாசகத்தோடு நடப்பில் இருந்தது?" என்று கேட்டால் ஆதாரத்தை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். நெட் பெரும்பாலும் இன்றைய சட்டத்தைக் காட்டும். சொத்து வழக்கு கேட்பதோ 1962இல் என்ன இருந்தது என்பதை.

எந்த நூலகம் என்று நீங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மாநிலச் சட்ட நூலகம் என்றே தனியாக உண்டு, பொதுமக்களும் உள்ளே போய் உட்காரலாம். இங்கே அப்படி ஒரே கூரை கிடையாது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு ஒன்று, வக்கீல் சங்கத்துக்கு ஒன்று, அட்வகேட் ஜெனரல் அலுவலகம், சட்டத்துறை, சட்டக் கல்லூரிகள் என்று பிரிந்து கிடக்கிறது. வேலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெங்களூரில் இந்த வேலை மற்ற ஊர்களைவிடக் கடினம். காரணம் வரலாறு. கப்பன் பூங்கா ஓரத்தில் சிவப்பாக நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடமான அட்டாரா கச்சேரி 1868இல் கட்டி முடிந்தது. பதினெட்டு இலாகாக்களுக்காகக் கட்டியது, அட்டாரா என்றால் பதினெட்டு. மைசூர் சமஸ்தானத்தின் சீஃப் கோர்ட் 1884இல் வந்தது, 1930இல் அதற்கு ஹைகோர்ட் என்று பெயரானது. அதுவரை சமஸ்தானத்துச் சட்டங்களும் அதன் தீர்ப்புகளும் இருந்தால் ஓரளவு போதும். 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பில் எல்லாம் மாறியது. பம்பாயிலிருந்து பெல்காம், பிஜாப்பூர், தார்வாட், வட கன்னடம் வந்தன. ஹைதராபாத்திலிருந்து குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் வந்தன. மெட்ராஸிலிருந்து தென் கன்னடமும், கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் தாலுகாவும் வந்தன. குடகு தனி மாநிலமாக இருந்து சேர்ந்தது. பெல்லாரி அதற்கு முன்பே 1953இல் வந்துவிட்டது. மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, புதிய சட்டம் வரும்வரை அந்தந்தப் பகுதியில் பழைய சட்டமே தொடரும் என்றது. ஆக ஒரே மாநிலத்துக்குள் பல ஊர்ச் சட்டங்கள்.

அதனால்தான் பெங்களூர் நூலகத்தில் மெட்ராஸ் சட்டத் தொகுதிகள் ஒரு முழு ஷெல்ஃபைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மங்களூர்ப் பக்கத்துக் குடும்பச் சொத்து என்றால் தாய்வழிச் சொத்துரிமை பற்றிய 1949ஆம் வருட மெட்ராஸ் அளியசந்தானச் சட்டம் வேண்டும். சென்னையில் நிறைவேறிய சட்டம், தேவைப்படுவது இங்கே. ராய்ச்சூர் நிலம் என்றால் ஹைதராபாத் நில வருவாய்ச் சட்டம், "1317 ஃபஸ்லி" என்று வருடம் போட்டிருக்கும். நம் ஊர் அடங்கலில் வரும் அதே பசலிக் கணக்குதான்: 590 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில வருடம், அதாவது 1907. புதிதாகச் சேர்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று நினைத்துப் புத்தகத்தைத் தவறான வரிசையில் வைத்துவிடுவார்கள். பிறகு அது கிடைக்காது. சட்ட நூலகத்தில் இடம் மாறிய புத்தகமும் தொலைந்த புத்தகமும் ஒன்றுதான்.

பெங்களூருக்குள்ளேயே இன்னொரு சிக்கல். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேருக்குப் பழைய வீடுகள் இருக்கும். அந்தக் கண்டோன்மெண்ட் பகுதி 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது, மைசூர் சமஸ்தானச் சட்டம் அங்கே செல்லாது. 1940ஆம் வருடப் பத்திரத்தை வைத்துக்கொண்டு மைசூர்ச் சட்டத்தைப் புரட்டினால் ஆரம்பமே தப்பு.

ஒரு சட்டத்தை மட்டும் கிட்டே வைத்துப் பாருங்கள். கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம். பெயரில் இருப்பது 1961. எண்ணைப் பார்த்தால் 1962ஆம் வருடத்தின் 10ஆவது சட்டம். நடைமுறைக்கு வந்தது 1965 அக்டோபர் 2. வந்தபோது அதன் பெயர் மைசூர் நிலச் சீர்திருத்தச் சட்டம், 1973இல் மாநிலத்தின் பெயர் மாறியதும் சட்டத்தின் பெயரும் மாறியது. 1974 மார்ச் 1 முதல் பெரிய திருத்தம். விவசாயம் அல்லாத வருமானம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் உள்ளவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்ற 79ஏ பிரிவும், அதோடு சேர்ந்த 79பி, 79சி பிரிவுகளும் 2020இல் நீக்கப்பட்டன, அதுவும் 1974 மார்ச் 1 முதலே இல்லை என்ற கணக்கில். ஆனால் நடுவில் நாற்பத்தாறு வருடம் அந்தப் பிரிவுகளின் கீழ் வழக்கு நடந்திருக்கிறது, வருமான வரம்பு பல முறை மாறியிருக்கிறது. 2010ஆம் வருட உத்தரவைப் படிக்க அன்று இருந்த வரம்பு வேண்டும். இன்றைய பேர் ஆக்டில், அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ள சிறு புத்தகத்தில், அந்த இடத்தில் "நீக்கப்பட்டது" என்ற ஒரு வரிதான் இருக்கும். பழைய பதிப்பு இருந்தால்தான் பதில்.

அதனால் புதுப் பதிப்பு வந்ததும் பழையதைக் கழிக்கக் கூடாது. ஒவ்வொரு பதிப்பின் முதல் பக்கத்திலும் "இந்தத் திருத்தம் வரை சேர்க்கப்பட்டது" என்று பென்சிலில் எழுதி வைக்க வேண்டும். அரசிதழில் திருத்தச் சட்டம் வந்ததும், நடப்புப் பதிப்பில் அந்தப் பிரிவுக்கு நேரே திருத்தச் சட்டத்தின் எண், ஒப்புதல் தேதி, நடைமுறைக்கு வந்த தேதி மூன்றையும் குறிக்க வேண்டும். ஒப்புதல் தேதியும் நடைமுறைத் தேதியும் ஒன்றென்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. தனி அறிவிக்கை வந்த பிறகே அமலாகும் சட்டங்கள் ஏராளம்.

2024 ஜூலை 1இல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் சில இடங்களில் இந்திய தண்டனைச் சட்டப் புத்தகங்களைக் கட்டி மூலையில் போட்டுவிட்டார்கள். 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தானே பொருந்தும்? அந்த வழக்குகளும் அப்பீல்களும் இன்னும் பல வருடம் ஓடும். கொலை வழக்கு என்றால், அதுவரை பழைய சட்டத்தின் 302ம் வேண்டும், புதியதன் 103ம் வேண்டும்.

இனி அன்றாடம். மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்ட் முந்தைய மாலையே வந்துவிடும். காலை பத்தரைக்குக் கோர்ட் உட்காருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் நூலகத்தின் உச்ச நேரம். ஜூனியர் வக்கீல்கள் துண்டுச் சீட்டில் சைட்டேஷனோடு, அதாவது தீர்ப்பு அச்சான வருடம், தொகுதி, பக்கக் குறிப்போடு, வரிசையாக வருவார்கள். ஒரே தீர்ப்புக்கு ஒவ்வொரு பதிப்பகமும் ஒரு முகவரி வைத்திருக்கும். எஸ்.ஆர்.பொம்மை வழக்கையே எடுங்கள்: ஏஐஆர் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) 1994 எஸ்சி 1918 என்பதும், (1994) 3 எஸ்சிசி (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) 1 என்பதும் ஒன்றுதான். அதை யாராவது அவசரத்தில் 1198 என்று எழுதி வருவார்கள். அந்தப் பக்கத்தில் வேறு வழக்கு இருக்கும். "இல்லை சார்" என்று அனுப்பிவிடக் கூடாது. முதலில் எண்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, பிறகு அந்த வருடத்தின் வழக்குப் பெயர்ப் பட்டியல், அதிலும் எஸ் வரிசை, பி வரிசை இரண்டும். அதற்கும் சிக்காவிட்டால் முந்தைய, அடுத்த வருட வால்யூம். டிசம்பரில் சொன்ன தீர்ப்பு அடுத்த வருட வால்யூமில் வருவது சகஜம். ஏஐஆரில் நம் மாநிலம் 1973 வரை மைசூர் என்ற தலைப்பில் இருக்கும், அதன் பிறகு கர்நாடகா. இதைத் தெரியாமல் தேடி அரை மணி நேரம் வீணாவதுண்டு.

எடுத்துக் கொடுத்தால் போதாது, அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எமர்ஜென்சியில் காவலில் வைக்கப்பட்டவர்கள் விடுதலை கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்ற ஜபல்பூர் தீர்ப்பு 1976இல் வந்தது. 2017இல், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்தான் அதை வெளிப்படையாக நிராகரித்தார்கள். அந்தப் புட்டசாமி நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. அச்சுப் புத்தகத்தின் 1976 வால்யூமில் இதெல்லாம் எப்படித் தெரியும்? தெரியாது. இங்கே டேட்டாபேஸ்தான் மேல். கணினி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கைகள் 2023 முதல் இலவசமாக இணையத்தில் கிடைப்பது பெரிய விஷயம், தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வரும் சைட்டேஷன்களை இப்போது ஒவ்வொன்றாக மூலத்தில் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லவே இல்லாத தீர்ப்புகளைக் கீழ் நீதிமன்றம் ஒன்று மேற்கோள் காட்டியதை 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றமே கண்டித்தது. பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும்: வருடம், வால்யூம், பக்கம் எல்லாம். வால்யூமைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் வேறு ஒருவரின் வழக்கு.

இன்னொன்று, ஹெட்நோட். தீர்ப்புக்கு மேலே இருக்கும் சுருக்கம் பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியது அல்ல. நகல் எடுக்கும்போது அதை மட்டும் எடுத்துப் போகிறவர்களிடம் சொல்லிக் கொடுப்பதும் நம் பொறுப்பு.

பைண்டிங் பற்றிக் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. ஏஐஆர் மாதாமாதம் வரும். ஒவ்வொரு இதழுக்குள்ளும் உச்ச நீதிமன்றப் பகுதி, ஒவ்வொரு உயர் நீதிமன்றத்துக்கும் ஒரு பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்க எண். எனவே பன்னிரண்டு இதழ்களையும் பிரித்து, உச்ச நீதிமன்றப் பக்கங்கள் எல்லாம் ஒன்றாக, பிறகு கோர்ட் வாரியாக அடுக்கித்தான் பைண்டருக்குக் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுத்தால் ஜனவரி, பிப்ரவரி என்று மாத வாரியாகத் தைத்துவிடுவார், பக்க எண் தாவித் தாவிப் போகும், அந்த வால்யூம் பயனற்றது. கொடுக்கும் முன் விளம்பரத் தாள்களை உருவ வேண்டும், வருடக் கடைசியில் தனியாக வரும் தலைப்புப் பக்கமும் பெயர்ப் பட்டியலும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைண்டரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஓரம் வெட்டும்போது எழுத்தைத் தொடக் கூடாது, தைப்பு மார்ஜினுக்குள் ஆழமாகப் போகக் கூடாது. போனால் புத்தகம் விரியாது, ஜெராக்ஸ் கண்ணாடியில் அழுத்துவார்கள், முதுகு உடையும். ஏதாவது ஒரு பார்ட் வராவிட்டால் அந்த மாதமே பதிப்பகத்துக்கு எழுத வேண்டும். டிசம்பரில் கண்டுபிடித்துக் கேட்டால் இருப்பில் இல்லை என்பார்கள், முழு வருட செட்டும் ஊனம்.

கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில வருடத்தில் பசை பழுப்பேறி எழுத்தை மறைக்கும், பிரித்தால் அச்சும் கூடவே வரும். மெல்லிய டிஷ்யூ காகிதமும் மைதா அல்லது ஸ்டார்ச் பசையும் போதும். பசை கெடாமல் இருக்க அதைச் சேமித்து வைக்காமல் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். போர்க் காலத்துக் காகிதம், அதாவது 1940களில் அச்சானது, மடித்தாலே உடையும். அவற்றை ஸ்கேன் எடுத்த பிறகு ஜெராக்ஸுக்குத் தரவே கூடாது.

மத்திய அரசிதழ் 2015 அக்டோபர் முதல் அச்சில் வருவதில்லை, பிடிஎஃப் மட்டும். வந்த அன்றே இறக்கி, அறிவிக்கை எண்ணும் தேதியும் கோப்பின் பெயரில் வரும்படி சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்துக் கட்டி வைக்க வேண்டும். இணையதளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய லிங்க் செத்துப்போகும். மாநில ஆவணங்களில் யூனிகோடுக்கு முந்தைய பழைய நுடி என்ற கன்னட எழுத்துருவில் தட்டியவை உண்டு. அவற்றில் கன்னடச் சொல்லைத் தேடினால் எதுவும் வராது. கண்ணால்தான் படிக்க வேண்டும். தங்கைக்குக் கன்னடம் பேச மட்டும் தெரிந்தால் போதாது, வேகமாகப் படிக்கவும் வர வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருப்பது. சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் 1972இல் மறைந்ததும் இதே பெங்களூரில். 1962இல் இங்கேதான் ஆவணவியல் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அவருடைய வகைப்பாட்டில் சட்டத்துக்கு இசட் என்று கடைசி எழுத்து. நூலகர் தினமான ஆகஸ்ட் 12இல் அவர் படத்துக்கு மாலை போடாத நூலகம் இல்லை. ஆனால் நூலகர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை வருடக்கணக்கில் காலியாக வைத்து, வேறு பிரிவு எழுத்தரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். வருடம் முழுக்கப் பட்டியல் அனுப்பினாலும் பணம் மார்ச் மாதம்தான் வரும், பத்து நாளில் செலவழித்தாக வேண்டும், அப்போது கடையில் இருப்பதைத்தான் வாங்க முடியும். பைண்டிங் டெண்டர் மிகக் குறைந்த விலை சொன்னவருக்குப் போகும், அடுத்த வருடம் அட்டை கையோடு வரும். இதையெல்லாம் அப்பாவிடம் மறைக்க வேண்டாம். வேலை சின்னது என்பதற்கு மட்டும் இது ஆதாரமாகாது.

தங்கை சேர்ந்த முதல் வாரம் ஒன்று செய்யட்டும். நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் எத்தனை பதிப்பு அந்த நூலகத்தில் இருக்கிறது என்று எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் திருத்தம் வரை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எந்த வருடத்துக்குப் பதிப்பு இல்லையோ அதுதான் அந்த நூலகத்தின் ஓட்டை, அதைத்தான் முதலில் தேடி வாங்க வேண்டும். பென்சில் ஹெச்பி போதும், புத்தகத்துக்குள் பேனா வேண்டாம்.