காலியாக விட்ட டயல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கார்ப் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்யப்படும் ஆடம்பர குரோனோகிராஃப் கைக்கடிகாரங்களை, அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கடிகாரங்களை, பாராட்டிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுப் பத்துப் பதினைந்து படங்களைத் தேடிப் பார்த்தேன். கார்பன் ஃபைபர் டயல், சிவப்பு நூல் தையல், ஓட்டை போட்ட தோல் பட்டை, விளிம்பைச் சுற்றி ஏதேதோ எண்கள். இன்று இதை வைத்து யாரும் பந்தயத்தில் நேரம் பார்ப்பதில்லை. என் கைபேசியே விநாடியில் நூறில் ஒரு பங்குவரை காட்டுகிறது. அப்படியென்றால் இதெல்லாம் வெறும் வேடம்தானே? அந்த விளிம்பு எண்கள் எதற்கு என்றாவது சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

எண்களிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு டாக்கிமீட்டர் என்று பெயர். ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது மேல் பட்டனை அழுத்துங்கள், அடுத்த கல் வந்ததும் மறுபடி அழுத்துங்கள். நடுவிலிருக்கும் நீண்ட முள் 45ஆவது விநாடியில் நின்றிருந்தால், அதற்கு நேரே விளிம்பில் 80 என்று இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர். 36 விநாடி என்றால் 100, 30 விநாடி என்றால் 120. 3600ஐ விநாடிகளால் வகுத்தால் வரும் விடையை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மைல் கல்லாக இருந்தாலும் அதே எண்கள் சரியாக வரும். வண்டி ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒருமுறை நெடுஞ்சாலையில் பின்னிருக்கையில் உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தேன். நான் சொன்ன எண்ணும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஒத்துப்போனதில் எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

சரி, வேடமா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த படங்களில் பலவற்றுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் அவை எதைப் பார்த்து வேடம் போடுகின்றனவோ, அந்தப் பழைய கடிகாரங்களில் வேடம் கிடையாது. அவை கண்ணுக்கு வந்த ஒரு சிக்கலைத் தீர்க்கப் பிறந்தவை.

ஜாக் ஹோயர், ஹோயர் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தின் குடும்பத்துப் பிள்ளை. 1958இல் ராலி எனும் சாலைக் கார்ப் போட்டி ஒன்றில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாஷ்போர்டில் இருந்தது அவர்கள் நிறுவனமே செய்த கடிகாரம். குலுங்கும் வண்டியில் அந்த டயலைப் படித்ததில் ஒரு நிமிடம் பிசகிவிட்டது. கைக்கு வந்திருக்க வேண்டிய முதலிடம் போய், மூன்றாவதாக வந்தார்கள். தன் வீட்டுக் கடிகாரத்தையே தன்னால் படிக்க முடியவில்லை என்பது ஒரு கடிகாரக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1963இல், அவர் கொண்டுவந்த கைக்கடிகாரம்தான் கரேரா. 1950 முதல் 1954 வரை மெக்சிகோவில் நடந்த கரேரா பனமெரிக்கானா என்ற சாலைப் பந்தயத்தின் பெயர் அது. வெறும் 36 மில்லிமீட்டர் அகலம். அதன் டயலைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். மெல்லிய நேர்க்கோடுகளாக மணிக்குறிகள், தனித்தனிச் சிறு முட்களோடு மூன்று சிறு வட்டங்கள், மீதியெல்லாம் காலியிடம். விநாடியை ஐந்தாகப் பிரிக்கும் பொடிக் கோடுகள் எங்கே போயின? கண்ணாடியை உள்ளிருந்து இறுக்கிப் பிடிக்க ஒரு எஃகு வளையம் உண்டு. டயலின் ஓரத்தில் சின்னச் சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும். அந்தக் கோடுகளை ஹோயர் அந்தச் சுவரின் மேல் ஏற்றிவிட்டார். எப்படியும் இருந்தாக வேண்டிய ஒரு பாகத்துக்கு இன்னொரு வேலையும் கொடுத்து, டயலைக் காலி செய்துவிட்டார். இந்தத் துறையில் இதைவிட நல்ல யோசனையை நான் பார்த்ததில்லை.

அதற்கு முன்பே, 1957இல், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் டாக்கிமீட்டரை டயலிலிருந்து வெளியே எடுத்து விளிம்பு வளையத்தில் வைத்திருந்தது. அது கார்ப் பந்தயத்துக்கென்று வந்த கடிகாரம். நிலவுக்குப் போனதெல்லாம் அப்புறம். ரோலக்ஸ் டேடோனாவும் 1963இல் அதே வழியில் போனது. வெள்ளை டயலில் கறுப்பு வட்டங்கள் வைப்பதை ரசிகர்கள் பாண்டா என்று செல்லமாகச் சொல்வார்கள். அதுவும் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. எந்த முள் எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்று கண் தேடாமல் இருக்க அந்த நிற வேறுபாடு உதவும்.

கோடுகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கடிகார இயந்திரம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் முள் ஒரு அடி நகரும். பழைய இயந்திரங்கள் விநாடிக்கு ஐந்து முறை துடிக்கும், அதனால் விநாடிக்கு ஐந்து பிரிவு. 1969இல் வந்த ஜெனித் நிறுவனத்தின் எல் ப்ரிமெரோ இயந்திரம் பத்து முறை துடிப்பதால் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். முள் எங்கெல்லாம் நிற்குமோ அங்கே கோடு இருப்பதுதான் முறை. எட்டு முறை துடிக்கும் இயந்திரத்தின் மேல் விநாடிக்கு ஐந்து கோடு போட்டால், முள் கோட்டில் நிற்காமல் இடையில் எங்கேயாவது நிற்கும். எத்தனை கொடுத்து வாங்கினாலும் அது தப்பான டயல்தான்.

இனி உங்கள் கைபேசி. துல்லியத்தில் அது ஜெயித்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் திரையில் பட்டனைக் கண்ணால் தேடித்தான் அழுத்த வேண்டும். குரோனோகிராஃபின் பட்டன்கள் தலை பருத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கையுறை போட்ட விரல்கூடப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடும். கண் ஓடுபாதையிலேயே இருக்கலாம். இந்த இடத்தில் டேடோனாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தண்ணீர் புகாமலிருக்க அதன் பட்டன்களைத் திருகி மூடி வைக்கிறார்கள். நேரம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் திருகைக் கழற்ற வேண்டும். அமெரிக்காவின் டேடோனா பந்தயத் தளத்தின் பெயரைச் சுமக்கும் கடிகாரத்துக்கு அது சரியாக இல்லை என்றே நினைக்கிறேன்.

முட்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் கீழ்ப் பட்டனை அழுத்தும்போது உள்ளே நடப்பதை ஒருமுறை பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிடுங்கள். எண்ணும் முள் ஒவ்வொன்றின் அச்சிலும் இதய வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பட்டனை அழுத்தியதும் ஒரு சுத்தி அதன் மேல் விழும். முள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் சரி, இதயத்தின் வளைவு சறுக்கித் திரும்பி, பள்ளமான இடத்தில் சுத்தி போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பள்ளம்தான் பூஜ்யம். அடால்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்ற யோசனை, இன்றுவரை ஓடுகிறது. ஆடம்பரக் கடிகாரம் என்று பணம் வாங்குகிறவர்கள் அந்தத் தகட்டின் ஓரத்தை எப்படி இழைத்திருக்கிறார்கள், பட்டன் விரலுக்கு எப்படி இசைகிறது என்பதில்தான் அந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

டயர் தடம் பதித்த ரப்பர் பட்டை, சிவப்புத் தையல் இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஷோபார்ட் என்ற சுவிஸ் நிறுவனம், மில்லே மில்யா என்ற இத்தாலியச் சாலைப் பந்தயத்தின் பெயரில் செய்த கடிகாரங்களுக்கு 1960களின் டன்லப் பந்தய டயர் தடத்தை வைத்தபோது எனக்குப் பிடித்தே இருந்தது. படிப்பதற்கு அது குறுக்கே வரவில்லையே. டயலை வெட்டி எடுத்து, பல்சக்கரங்களின் மேலேயே முட்களை ஓடவிட்டு, அதை எஞ்சின் தோற்றம் என்று விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்காவது ஒன்று கையில் கிடைத்தால், ஓடவிட்டுச் சில நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பார்க்காமலே பட்டனைத் தொட்டு நிறுத்துங்கள். ஒரே ஒரு விநாடி டயலைப் பார்த்துவிட்டுக் கையைத் திருப்பிக்கொண்டு, எத்தனை நிமிடம் எத்தனை விநாடி என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால், எந்தக் கடிகாரம் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்