வம்சாவளியை எங்கே வரை நம்புவது?

கேள்வி: நேபாளத்து ஷா மன்னர்கள், இமாசலத்துச் சம்பா, காங்க்ரா ராஜாக்கள் எல்லோருமே ராஜஸ்தானத்திலிருந்து மலையேறிய ராஜபுத்திரர்கள் என்று அவரவர் வம்சாவளியே சொல்கிறதே, பிறகும் ஆய்வாளர்கள் ஏன் இழுக்கிறார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் ஒரு திருத்தம். நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் ராஜஸ்தானத்தைச் சொல்வது நேபாள வம்சாவளி மட்டுமே. காங்க்ராவின் கட்டோச் குடும்பத்தார் மகாபாரதத்துத் திரிகர்த்த மன்னன் சுசர்மனைத் தம் முன்னோர் என்பவர்கள். சுசர்மனுக்கும் முன்னே நீளும் அவர்கள் பட்டியலில் 480க்கு மேல் பெயர்கள். ஆட்சிக்கு 20 ஆண்டு என்று சிக்கனமாக வைத்தாலே 9,600 ஆண்டு ஆகிறது. பெருக்கிப் பார்க்காமல் வம்சாவளியைத் தொடவே கூடாது.

சம்பா நல்ல பாடம், ஏனென்றால் அங்கே கல்லும் செம்பும் நிறையக் கிடைத்திருக்கின்றன. சம்பாவின் பழைய தலைநகரான பர்மோரின் கோயில்களில் உள்ள உலோகச் சிலைகளில் அரசன் மேருவர்மன் தன் பெயரைப் பொறித்தான். எழுத்தின் வடிவை வைத்துக் காலம் ஏறத்தாழ கி.பி. 700 என்கிறார்கள். கணேசர் சிலைக் கல்வெட்டில் கொள்ளுப்பாட்டன் ஆதித்யவர்மன், பாட்டன் பாலவர்மன், தந்தை திவாகரவர்மன், மோஷூண கோத்திரம், சூரிய குலம் எல்லாம் உண்டு. வார்த்த கைவினைஞன் குக்கன் பெயர் கூட இருக்கிறது. ராஜஸ்தானம் இல்லை. ராஜபுத்திரர் பெயரோடு வரும் ‘சிங்’ ஒட்டும் இல்லை. அது 16ஆம் நூற்றாண்டில் பிரதாப்சிங் வர்மன் பெயரில் வர்மனோடு சேர்ந்தே நுழைகிறது. பேரனுக்குப் பேரன் காலத்தில் வந்த பட்டத்தை மூதாதைக்குச் சூட்டிப் பார்ப்பதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

அடுத்த பிழை, பெயர் வரிசையைத் தலைமுறை வரிசை என்று எண்ணுவது. சோமவர்மன், ஆசடவர்மன் இருவருக்கும் தந்தை சாலவாகனன் என்று செப்பேடு சொல்கிறது. அண்ணனுக்குப் பின் தம்பி ஆண்டிருக்கிறான். வெறும் பட்டியலில் பார்த்தால் மூன்று தலைமுறை என்பீர்கள், இருப்பது இரண்டு. இப்படி நாலைந்து இடத்தில் நேர்ந்தால் நூறாண்டு சும்மா முளைத்துவிடும். நிலக்கொடைச் செப்பேடு பட்டியலைவிடப் பெறுமானம் உள்ளது ஏன் என்றால், அது பட்டா போன்றது. கொடுத்தவன், அவன் தந்தை, பெற்றவன், நிலத்தின் எல்லை என்று எழுதியாக வேண்டும்.

ஆண்டைப் பெயர்ப்பதிலும் கவனம் வேண்டும். வட இந்தியாவில் வழங்கும் விக்ரம சம்வத் என்ற ஆண்டுக் கணக்கில் 57 (ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 56) கழித்தால் கி.பி. கிடைக்கும். சம்பாவிலும் காஷ்மீரிலும் வழங்கிய லௌகீக ஆண்டில் நூற்றாண்டை எழுதவே மாட்டார்கள். ‘63’ என்று மட்டும் இருக்கும். அதோடு 24 கூட்டினால் 87; எந்த நூற்றாண்டின் 87 என்பதை வேறு சான்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆசடனுக்கு அந்தச் சான்று கிடைத்தது. காஷ்மீர் மன்னன் கலசனின் அவைக்கு 1087–88 குளிர்காலத்தில் வந்த எட்டு அரசர்களில் சம்பாவின் ஆசடனையும் சேர்த்து எழுதியிருக்கிறார் காஷ்மீர் அரசர் வரலாறான ராஜதரங்கிணியைப் பாடிய கல்ஹணர். வீட்டுப் பெருமை பாட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. செப்பேடும் அயலார் சாட்சியும் ஒரே ஆளைக் காட்டும் இப்படிப்பட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

நேபாளத்துக்கு வருவோம். 1559இல் கோர்க்காவைப் பிடித்த திரவ்ய ஷா, 1768இல் காத்மாண்டுவை வென்ற பிருதிவி நாராயண் ஷா, 2008இல் முடியாட்சி முடிந்தது வரை சங்கிலி உறுதி. திரவ்ய ஷாவுக்கு மேலே ஏறினால் ‘கான்சா கான்’, ‘மிச்சா கான்’ என்று பெயர்கள் வருகின்றன. ராஜஸ்தானத்துச் சித்தோர்கட்டிலிருந்து தர்மத்தைக் காக்க ஓடிவந்ததாகச் சொல்பவர்கள் வீட்டில் ‘கான்’ எப்படி? 1819இல் நேபாளம் பற்றி நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன் இந்தப் பெயர்களைக் காட்டியே குடும்பம் நேபாள மலைக்குடியான மகர் இனம் என்றார். பெயரின் ஓசையை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்பெழுதுவதும் அவசரம்தான். ஆனால் சித்தோரோடு முடிச்சுப் போட, அந்தக் காலத்துச் செப்பேடு ஒன்றாவது காட்ட வேண்டாமா?

சித்தோரின் மேவார் வம்சமும் லேசுப்பட்டதல்ல. சூரிய குலம், ராமனின் வழி என்று பிற்காலத்தில் புகழப்பட்ட அந்தக் குடும்பத்தின் 977ஆம் ஆண்டு ஆட்புரக் கல்வெட்டு, முதல்வன் குகதத்தனை ஆனந்தபுரத்திலிருந்து வந்த அந்தணர் குலத்தவன் என்கிறது. ஆனந்தபுரம் இன்றைய குஜராத்தின் வட்நகர்.