தாய் தெரியும், தகப்பன் யார்? – செடிகளின் டி.என்.ஏ. சோதனை: கேள்வி-பதில்

மல்லிகா என்று வாங்கிய ஒட்டு மா, காயைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. அதன் பெற்றோரான நீலம், தசேரி இரண்டோடும் டி.என்.ஏ.வை ஒப்பிட வேண்டுமா? (குடியாத்தம்)

வேண்டாம். ஒட்டுக்கன்று, கிளை எடுத்த மரத்தின் நகல். நம்பகமான மல்லிகா இலை ஒன்றோடு ஒப்பிட்டால் போதும், எல்லா மார்க்கரும் (ரகத்தைக் காட்டும் டி.என்.ஏ. குறிகள்) பொருந்த வேண்டும். அம்ரபாலி மாவுக்கும் இதே ஜோடிதான். அதில் தசேரி தாய், நீலம் தகப்பன்.

ஆர்.ஏ.பி.டி. என்ற டி.என்.ஏ. சோதனை மலிவாம், செய்யலாமா? (சோளிங்கர்)

வேண்டாம். ஆய்வகம் மாறினால் பட்டையும் (ஜெல்லில் ஓட்டும்போது தெரியும் டி.என்.ஏ. கோடு) மாறும். எஸ்.எஸ்.ஆர். மார்க்கர் சோதனை கேளுங்கள்.

இலை அனுப்பியுள்ளேன். இதன் தகப்பன் எந்த ரகம்? (ஆற்காடு)

வந்தது இலையா கஷாயமா என்றே தெரியவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினால் வேறென்ன ஆகும்? தாய் எது, பக்கத்துத் தோப்பில் என்ன ரகம், ஒரு வரி இல்லை. மார்க்கர் ஜோசியம் சொல்லாது. தாயின் பட்டையைக் கழித்தால் மிச்சம் தகப்பனுடையது. அது யாரிடம் இருக்கிறது என்று பார்க்கச் சந்தேகப்படும் ரகங்களின் இலையும் வேண்டும். பொருந்தாதவரை உறுதியாக விலக்கலாம். பொருந்துபவர் தகப்பனாக ‘இருக்கலாம்’, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து மார்க்கர் பார்த்தாலும், உண்மைத் தகப்பன் பட்டியலிலேயே இல்லையென்றால் அவனுடைய நெருங்கிய உறவு ஒன்று பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும். இன்னொன்று: ஒட்டுக்குக் கீழே கிளைத்த தளிரைக் கிள்ளி அனுப்பினால் வருவது வேர்ச்செடியின் ஜாதகம். மறுபடியும் சொல்கிறேன்: கொழுந்திலை, ஒட்டுக்கு மேலே, காகித உறை, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதைத்தேன், சில செடியில் முள் குறைவு. கலப்பா? (அணைக்கட்டு)

முள்ளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். உங்கள் பழைய விதைச் செடி, பக்கத்து வயல் வீரிய ஒட்டு, சந்தேகச் செடி, மூன்றின் இலையும் வேண்டும். (காகித உறை!) 2023இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது, சரி, தேனீ அதைப் படித்துப் பார்க்காது. விதைக்கு விடும் பூவை மொட்டிலேயே பையிட்டு மூடுங்கள், செலவே இல்லை.

இரண்டு நிலக்கடலை ரகங்களைக் கலந்து எடுத்த செடிகளில் இரண்டு பட்டை. எல்லாமே கலப்பினம்தானே? (ஆய்வு மாணவி, வேலூர்)

அவசரம். நிலக்கடலை நான்மடியம் (குரோமோசோம் தொகுதி நான்கு), தூய தாயிலேயே இரண்டு பட்டை வரும். தாயிடம் இல்லாத தகப்பன் பட்டை தெரிந்தால்தான் கலப்பினம். அது தெரியாத செடிகள் பெரும்பாலும் ஆண்மை நீக்கம் (தாய்ப் பூவின் மகரந்தப் பையை முன்பே அகற்றுவது) சரியாகச் செய்யாத பூவில் விளைந்தவை. தாய், தகப்பன் இருவரையும் அதே ஜெல்லில் ஓட்டினீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.